பீ.ரீ. சேர் பிளான் எடுத்த கதை

“இந்த மதில் உடையிற வரைக்கும் அப்துல் ஸமட் ஒரு சொட்டுத் தேத்தண்ணி குடிக்கப் போறல்ல! இது சத்தியம்!”

ஒழுங்கை நடுவில் நின்று, நெஞ்சில் அறைந்து, இரண்டு பக்கத்து ஜன்னல்களும் திறக்கும்படி இதைச் சொல்லிவிட்டுத்தான் ஸமட் சேர் வீட்டுக்குள் நுழைந்தார்.

“தேத்தண்ணி ஊத்தி வெச்சிரிக்கன்,” என்றாள் மனைவி ஸகியா.

சேர் கோப்பையைப் பார்த்தார். இஞ்சி தட்டிப் போட்ட சாயத் தேத்தண்ணி. ஆவி பறந்தது.

“எப்ப ஊத்தின?”

“நீங்க அங்க கத்திக்கிட்டு நிக்கக்குள்ள.”

“சத்தியம் எண்டு சொல்றதுக்கு முந்தியா, பிந்தியா?”

“கொஞ்சம் முந்தி.”

“அப்ப இது அதுல சேராது,” என்று சேர் குடித்தார். “நாளையில இருந்து கோப்பி.”

ஸமட் சேர் ஓய்வு பெற்ற உடற்கல்வி ஆசிரியர். கல்முனைக்குத் தெற்கே அந்தக் கடலோர ஊரில் பீ.ரீ. சேர் என்று கேட்டால்தான் வீடு காட்டுவார்கள். அவர் பள்ளிக்கூடத்தை விட்டு வந்தாலும் விசில் அவர் கழுத்தை விட்டு வரவில்லை. மீன்காரனை நிறுத்த விசில். மாட்டைத் துரத்த விசில். மழை இருட்டினால் கொடியில் கிடக்கும் உடுப்பை எடுக்கச் சொல்லி விசில். ஊரில் அந்த விசிலுக்கு அசையாத ஒரே ஆள் ஸகியா. அவளுடைய வீட்டில்தான் அவர் குடியிருந்தார். அந்தப் பக்கத்து வழக்கம் அது. பெண்ணுக்கு வீட்டைக் கட்டிக் கொடுத்துத்தான் மாப்பிள்ளையைக் கூட்டி வருவார்கள். மாப்பிள்ளை ஒரு பெட்டியோடு வருவார். ஸமட் சேர் ஒரு பெட்டியோடும் ஒரு கரப்பந்து வலையோடும் வந்தார்.

அன்றைய சபதத்துக்குக் காரணம் சுவாம்பிள்ளை.

சுவாம்பிள்ளையின் வீடு ஒழுங்கையின் கடல் பக்கம், கடைசி வீடு. ஒரு காலத்தில் கொழும்பு பஸ் ஓட்டியவர். சீனி வருத்தம் ஒரு காலைக் கொண்டுபோய்விட்டது. புதன்கிழமைதோறும் அவருடைய மனைவி இமக்குலேற் ரீச்சர் அவரை வீல் செயாரில் வைத்துத் தள்ளிக்கொண்டு கிளினிக்குக்குப் போவார். முச்சக்கர வண்டி உள்ளே வராது. ஒழுங்கை அவ்வளவு ஒடுக்கம். அதுவும் கட்டடக் கொந்தராத்துக்கார நஸீம் போன மாதம் புது மதில் கட்டியபிறகு பூனை போனாலே வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டுதான் போக வேண்டும்.

அன்றைக்கு வீல் செயார் சிக்கிவிட்டது. முன்னுக்கும் போகவில்லை, பின்னுக்கும் வரவில்லை. ஒரு பக்கச் சில்லு நஸீமின் மதிலில். மறு பக்கச் சில்லு ஸமட் சேரின் ‘கிளப்’பில்.

கிளப் என்றால் தகரக் கொட்டில்தான். கரம் போட் ஒன்று, கிரிக்கெட் பார்க்க டீவி ஒன்று, பிளாஸ்ரிக் கதிரைகள், ஒரு காற்றாடி. ஓய்வு பெற்ற கையோடு சேர் கட்டியது. வீட்டு வளவுக்குள்ளே கட்டத்தான் நினைத்தார். “என்ட முருங்கைக்கும் கோழிக்கும் இடம் காணாம இரிக்கி, உங்களுக்கு எங்க?” என்று ஸகியா கேட்டதால் வேலிக்கு வெளியே தள்ளிக் கட்டினார்.

நாலு பேர் சேர்ந்து சுவாம்பிள்ளையைக் கதிரையோடு தூக்கினார்கள். மதிலில் உரசிச் சட்டை கிழிந்தது.

“கடுகண்ணாவை மலை வளைவில பஸ்ஸ ஒத்தக் கையால திருப்பின ஆள் நான்,” என்றார் சுவாம்பிள்ளை, தூக்கியவர்களின் தோளுக்கு மேலே இருந்துகொண்டு. “சொந்த ஒழுங்கையில நாலு பேர் தூக்கிப் போறன். பெட்டி மட்டுந்தான் இல்ல.”

எல்லோரும் சிரித்தார்கள். இமக்குலேற் ரீச்சர் சிரிக்கவில்லை. அதைப் பார்த்ததும் ஸமட் சேருக்கு இரத்தம் தலைக்கு ஏறியது. நேரே நஸீமின் கேற்றில் போய் விசில் அடித்தார்.

“நஸீம்! பாதைய மறிச்சு மதில் கட்டினது ஆர்?”

“பாதையா?” நஸீம் பல் குத்திக்கொண்டே வந்தார். “இது பாதை எண்டு எங்க எழுதி இரிக்கி சேர்? பிளான் இரிக்கா? கொண்டு வாங்க. என்ட மதில் பாதையில நிண்டா என்ட கையாலேயே உடைக்கன்.”

“வாக்கு மாறப்படாது!”

“மாறல்ல.”

“பாதையில நிக்கிறது எதுவெண்டாலும் உடையோணும்! ஆர்ட எண்டாலும் உடையோணும்! எல்லாரும் கேட்டீங்களா?”

எல்லோரும் கேட்டார்கள். ஸகியா முருங்கை மரத்தடியில் நின்று கேட்டாள்.

தேத்தண்ணி முடிந்ததும் அவள் மெதுவாகச் சொன்னாள்: “இஞ்ச பாருங்க. கந்தோர் கந்தோரா ஏறி இறங்கிறது உங்களால ஏலாத வேல. வெயிலும் கூட. பேசாம இரிங்க.”

சேர் எழுந்து நின்றார். கல்யாணம் முடித்த நாள் முதல் ஸகியா வேண்டாம் என்று சொன்ன எதையும் அவர் செய்யாமல் விட்டதில்லை.

“என்ட தொப்பிய எடு,” என்றார்.

முதலில் பிரதேச சபைக் கந்தோர். கவுண்டரில் ஒரே தள்ளுமுள்ளு. ஆளின் தோளுக்கு மேலே ஆள். சேரால் அதைப் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. விசிலை எடுத்து நீளமாக ஒன்று ஊதினார். “வரிசை! உயரப்படி! கைய நீட்டி இடைவெளி பாரு!”

கூட்டத்தில் பாதிப் பேர் அவரிடம் படித்தவர்கள். மற்றப் பாதி அவர்களைப் பார்த்துப் பயந்தது. கண்மூடித் திறப்பதற்குள் கயிறு பிடித்தாற்போல வரிசை நின்றது. உத்தியோகத்தர் மகிழ்ந்துபோய் எழுந்து நின்று பார்த்தார். அந்த அழகான வரிசையின் கடைசியில் இடம் காலியாக இருந்தது. ஸமட் சேர் அதில் போய் நின்றார்.

அவருடைய முறை வரும்போது பகல் லுஹர் தொழுகைக்குப் பாங்கு சொல்லியாயிற்று.

“பாதைக்குக் கொங்கிறீட் போடுறது நாங்க சேர்,” என்றார் உத்தியோகத்தர். “தண்ணி ஓடக் கான் வெட்டுறதும் நாங்க. ஆனா அகலம் எவ்வளவு எண்டு பிளான்தான் சொல்லும். அது எங்கட்ட இல்ல. காணிக் கந்தோர்ல கேளுங்க.”

காணிக் கந்தோரில் மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றியிருந்த ஒருவர் கேட்டார்: “காணி ஆர்ட பேர்ல?”

“ஆர்ட பேர்லயும் இல்ல. பாதை.”

“பேர் இல்லாட்டித் தேட ஏலா.”

“அப்ப நான் பாதைக்குப் பேர் வெச்சுட்டா வாறது?”

“பேரில்லாதது அரசாங்கத்துக்குச் சொந்தம் சேர்.”

“அரசாங்கம் எண்டா ஆர்?”

“நாங்கதான்.”

“அப்ப உங்கட சாமான நீங்களே தேடுங்க!”

மூக்குக்கண்ணாடி நெற்றியிலிருந்து மூக்குக்கு இறங்கியது. சேரை அப்போதுதான் முழுதாகப் பார்த்தார். “பழைய பிளான் எல்லாம் அளவைக் கந்தோர்ல. அம்பாறைக்குப் போகோணும்.”

வீட்டில் ஸகியா மீன் வெட்டிக்கொண்டிருந்தாள். “அம்பாறையா? அது எவ்வளவு தூரம். அங்க சிங்களத்துல கதைப்பாங்க. உங்களுக்கு என்ன சிங்களம் தெரியும்?”

“வமட்ட, தகுணட்ட. இடம், வலம். ட்ரில் எடுக்கப் படிச்ச. கந்தோர் தேடிப் போறவனுக்கு அதுக்கு மேல என்ன சிங்களம்?”

மறுநாள் பஸ் ஏறினார். இடம், வலம் என்றே கேட்டுக் கேட்டு அளவைக் கந்தோரையும் பிடித்துவிட்டார். உள்ளே சுவரில் மூன்று மொழியில் ஒரு பலகை: தகவல் அறிவது உங்கள் உரிமை. சேர் அதை இரண்டு தரம் வாசித்தார். மூன்றாம் தரம் சத்தமாக வாசித்தார்.

“என்ன தேவைக்கு ஐயா பிளான்?” என்று வாசலில் இருந்தவர் தமிழிலேயே கேட்டார்.

“காரணம் சொல்லத் தேவையில்ல! பிரசை கேட்டாக் குடுக்கோணும் எண்டு சட்டம் சொல்லுது. நான் பிரசை!”

“ஐயா, எந்த அறைக்கு அனுப்புற எண்டு பாக்கத்தான் கேட்டன்.”

“அப்பிடியெண்டா, பிளான் அறைக்கு.”

விண்ணப்பம் எழுதிக் கொடுத்தார். கையெழுத்தை அகலமாகப் போட்டார். ஊருக்குத் திரும்பி, போகிற வருகிறவர்களிடம் எல்லாம் “ஹக்கு, உரிமை எண்டு ஒண்டு இரிக்கி, கேக்கத் தெரியோணும்” என்று சொல்லிக்கொண்டு திரிந்தார். நஸீமின் கேற்றைக் கடக்கும்போது மட்டும் கொஞ்சம் கூடச் சத்தமாகச் சொன்னார். இரண்டு கிழமையால், வந்து பெற்றுக்கொள்ளச் சொல்லி அறிவித்தல் வந்தது. அன்றைக்கு இஸ்திரி போட்ட சட்டை உடுத்துக்கொண்டு மறுபடியும் அம்பாறைக்குப் போனார்.

தகவல் உத்தியோகத்தர் ஒரு இளம்பெண். பெயர் கிருஷிகா. ஊர் நாவிதன்வெளி. சேரைக் கண்டதும் அவள் முகம் மலர்ந்தது.

“சேர், என்னத் தெரியுதா? மாகாண விளையாட்டுப் போட்டி. நான் ஓடக்குள்ள கோட்ட மிதிச்சிட்டன் எண்டு விசில் ஊதி வெளிய போட்டது நீங்கதான்.”

சேருக்கு வியர்த்தது. பிளான் கிடைக்காது என்று முடிவு செய்துவிட்டார்.

“பயப்படாதீங்க சேர். மிதிச்சது உண்மதான்.” அவள் சிரித்தபடி பிளானின் பிரதியை மேசையில் விரித்தாள். “இதுதான் உங்கட ஒழுங்கை. பன்னிரண்டு அடி. கடல் வரைக்கும் பொதுப் பாதை.”

“அல்ஹம்துலில்லாஹ்! நஸீம்ட மதில்?”

“அவர்ட எல்லை இஞ்ச. மதில் எங்க நிக்குது எண்டு சொன்னீங்க?” சேர் விரலை வைத்துக் காட்டினார். “அப்ப அவர் ரெண்டடி உள்ள வந்திருக்கிறார்.”

“ரெண்டடி!” சேர் மேசையில் தட்டினார். “கள்ளன்! ஒரு காணிக்காரன் ரெண்டடி வந்தா ஒழுங்கை என்னத்துக்கு ஆகும்?”

“பத்தடி இருக்கும் சேர். முச்சக்கர வண்டி தாராளமாப் போகும்.” கிருஷிகாவின் விரல் கோட்டின் மறுபக்கத்துக்குப் போனது. “இது உங்கட வீட்டுச் செவர். அதில இருந்து மூணடிதான் உங்கட வளவு. வேலியோட முடியுது. வேலிக்கு வெளிய ஏதும் கட்டி இருக்கீங்களா?”

சேர் கழுத்தில் கிடந்த விசிலைச் சட்டைக்குள் விட்டார்.

“சின்னதா ஒரு கொட்டில்.”

“எவ்வளவு அகலம்?”

“கரம் விளையாட நாலு பக்கமும் ஆள் இருக்கோணுமே மகள்.”

கிருஷிகா பிரதியைச் சுருட்டி அவர் கையில் கொடுத்தாள். “அப்ப இந்தத் தரம் கோட்ட மிதிச்சது நீங்கதான் சேர்.”

பஸ்ஸில் அந்தச் சுருள் அவருடைய மடியில் கிடந்தது. வயல் முடிந்து ஊர் தொடங்கும் இடத்தில் அதை எடுத்துச் சட்டைக்குள் செருகினார். வீட்டுக்குள் கால் வைத்ததும் ஸகியா கேட்டாள்.

“பிளான் கிடைச்சா?”

“இல்ல புள்ள.” சேர் தொப்பியைக் கழற்றினார். “சுனாமியில போயிட்டாம்.”

ஸகியா தொப்பியை வாங்கி ஆணியில் மாட்டினாள். அவருடைய சட்டையை ஒரு தரம் பார்த்துவிட்டுக் குசினிக்குள் போனாள்.

சொன்ன பிறகுதான் சேருக்கு நாக்குக் கூசியது. அந்த ஊரில் யாரும் அந்தச் சொல்லைப் பொய்க்குப் பாவிப்பதில்லை. கேட்டவர்கள் எல்லோரும் தலையைக் குனிந்துகொண்டு போனார்கள். மேற்கொண்டு ஒருவர்கூட ஒரு கேள்வி கேட்கவில்லை. அதுதான் அவரை வதைத்தது. நஸீம் மட்டும் மதிலுக்கு மேலால் எட்டி, “என்ன சேர், ஹக்கு கடலோட போச்சா?” என்று கேட்டார். சட்டைக்குள்ளே பிளான் சுட்டது. எடுத்து அவருடைய முகத்தில் எறியலாம். எறிந்தால் கிளப்பும் சேர்ந்து போகும்.

பின்னேரம் சுவாம்பிள்ளையைப் பார்க்கப் போனார்.

“பரவாயில்ல சேர்,” என்றார் சுவாம்பிள்ளை. “எனக்காக வெயில்ல ஆர் இப்பிடி அலைவா? நீங்க அலைஞ்சதே போதும்.”

சேர், இமக்குலேற் ரீச்சர் கொடுத்த கோப்பியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து வந்தார். கிளப்புக்குள் இருந்து கரம் அடித்துப் பார்த்தார். அடித்த காய் ஒன்றும் குழிக்குள் போகவில்லை.

புதன்கிழமை வந்தது. வீல் செயார் வந்தது. அதே இடத்தில் சிக்கியது. தூக்க ஆட்கள் கூடினார்கள். நஸீம் கேற்றில் நின்று வேடிக்கை பார்த்தார்.

அப்போது ஸகியா முக்காட்டைச் சரிசெய்துகொண்டு ஒழுங்கைக்கு வந்தாள். கையில் ஒரு சுருள்.

“தூக்காதீங்க. கொஞ்சம் பொறுங்க,” என்றாள். “சேர் பாடுபட்டுத் தேடின பிளான் கிடைச்சிட்டு. அவரே வாசிப்பார்.”

சேர் தன் சட்டையைத் தொட்டுப் பார்த்தார். அவருடைய சுருள் அவரிடமே இருந்தது. ஸகியாவின் கையில் இருந்தது வேறு சுருள். அதிலும் அதே கந்தோரின் முத்திரை.

“வாசிங்க சேர்!” என்றார்கள் எல்லோரும்.

சேர் விரித்தார். மைதானத்தின் மறுகரைக்குக் கேட்கும் குரலில் தொடங்கினார்: “ஒழுங்கை பன்னிரண்டு அடி! பொதுப் பாதை! நஸீம்ட மதில் ரெண்டடி பாதைக்குள்ள!” கூட்டம் ஆரவாரித்தது. பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, மீசைக்குள்ளே ஏதோ முணுமுணுத்துவிட்டுச் சுருட்டப் போனார்.

“மத்தப் பக்கம் கேக்கல்ல,” என்றாள் ஸகியா. “சத்தமா.”

சேர் சுவாம்பிள்ளையைப் பார்த்தார். சுவாம்பிள்ளை கதிரையில் சிக்கியபடியே, அவர் வாசிக்கப் போவதைக் கேட்க ஆவலாகத் தலையை உயர்த்தியிருந்தார். சேருடைய நெஞ்சுக்குள் ஏதோ ஒன்று பிடிவாதமாக நிமிர்ந்தது. இத்தனை கந்தோர் ஏறி, இத்தனை பேரோடு மல்லுக்கட்டி எடுத்த பிளான். அதை மறைப்பதா? நஸீமுக்குப் பயந்தா? ஒரு தகரக் கொட்டிலுக்காகவா?

விசிலை எடுத்து ஊதினார்.

“கேளுங்க எல்லாரும்! என்ட கிளப்பும் பாதையிலதான் நிக்கிது! முழுசா! அதனால முதல் அடி என்ட! பிறகு நஸீம்ட!”

“சேர், அது பழைய பிளான்…” என்று நஸீம் தொடங்கினார்.

“பழசு எண்டாப் பொய்யா? உன்ட வாப்பாவும்தான் பழசு!” சேர் வேலியோரம் சாத்தியிருந்த இரும்பு அலவாங்கைத் தூக்கிவிட்டார். “நான் என்ட கூரையக் கழட்டிக்கிட்டு நிக்கிறன். நீ மதிலப் புடிச்சிக்கிட்டு நிக்கப் போறியா? நில்லு! ஊர் பாக்கட்டும்!”

கிளப்பின் முதல் தகரம் கழன்று விழுந்த சத்தம் பள்ளிவாசல் வரைக்கும் கேட்டது. சேர் சட்டையைக் கழற்றி இடுப்பில் கட்டிக்கொண்டு ஒவ்வொரு தகரமாகக் கழற்றினார். சுற்றிவர இளந்தாரிகள் சேர்ந்துகொண்டார்கள். நஸீம் கொஞ்ச நேரம் நின்று பார்த்தார். ஊரே அவரைப் பார்த்தது. கடைசியில் தன் வேலையாட்களுக்குப் போன் எடுத்தார்.

அடுத்த கிழமை சுவாம்பிள்ளையின் வாசலில் முச்சக்கர வண்டி வந்து நின்றது. சுவாம்பிள்ளை அதில் ஏறி, ஒழுங்கை முழுக்க ஓட்டுபவருக்கு இடம், வலம் சொல்லிக்கொண்டே போனார். போகிற போக்கில் கையைத் தூக்கி, “சேர்தான் சேர்!” என்று கத்தினார். இமக்குலேற் ரீச்சர் இந்தத் தரம் சிரித்தார். ஸமட் சேர் அன்றைக்குக் காலை முழுக்க நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடந்தார்.

நெஞ்சு இறங்கியது பகல் சாப்பாட்டின்போதுதான்.

“அந்தப் பிளான எப்ப எடுத்த?” என்று கேட்டார்.

“நோன்புக்கு முந்தி. அம்பாறைக்குக் கண் காட்டப் போனேன்தானே? அப்பிடியே உங்கட கிளப் ஆர்ட இடத்துல நிக்கிது எண்டு பாக்கக் கந்தோருக்குள்ளயும் போய்க் கேட்டன். ஒரு தங்கமான புள்ள, சுணங்காம எடுத்துத் தந்திச்சு.”

“நோன்புக்கு முந்தியா? அப்ப நீ என்ன வேணுமெண்டே அலைய விட்டிரிக்காய்!”

“நான் அண்டைக்கே கொண்டுவந்து காட்டி இருந்தா நீங்க என்ன செய்திருப்பீங்க?”

சேர் நேர்மையாக யோசித்தார். பிளான் பிழை என்றிருப்பார். பிழை என்று நிரூபிக்கச் சபைக் கந்தோருக்குப் போயிருப்பார். அங்கிருந்து காணிக் கந்தோர். அங்கிருந்து அம்பாறை.

“எப்பிடியும் அலையத்தான் போறீங்க,” என்றாள் ஸகியா, மீன் துண்டை அவருடைய பீங்கானில் வைத்தபடி. “மதிலுக்காக அலைஞ்சா மதிலாவது விழும் எண்டு விட்டன்.”

சேர் சோற்றைப் பிசைந்தார்.

“இன்னொரு விசயம்,” என்றாள். “இனி பொய் சொல்ற எண்டாலும் இடம் பாத்துச் சொல்லுங்க. அம்பாறைக்கு எப்பங்க கடல் வந்த? இஞ்ச இருந்து வயலெல்லாம் தாண்டி, காடெல்லாம் தாண்டியா?”

பொறுமைக்கும் ஒரு எல்லை உண்டு. அதற்குப் பிளான் தேவையில்லை. சேர் பீங்கானைத் தள்ளிவைத்துவிட்டு எழுந்தார்.

“போதும் ஸகியா! இருந்த கிளப்பும் போச்சு. ஒரு மனிசன் குந்தி இருக்க இந்த வளவுல ஒரு மூல இல்லையா? எனக்கு எவ்வளவு பங்கு எண்டு நான் பாக்கன். நாளைக்கே போறன். காணி உறுதிப் பத்திரத்தப் பதிஞ்ச கந்தோர்ல பிரதி எடுக்கன். என்ட ஹக்கு! காரணம் சொல்லத் தேவையில்ல!”

“போங்க,” என்றாள் ஸகியா. “அந்த உறுதியில உங்கட பேரும் இரிக்கி.”

சேர் நின்றார். கோபம் பாதியில் நின்றது. உண்மையாகவா? மாமனார் மவுத்தாகும்வரை அவரை ஒரு மனிதனாக மதித்ததாகத் தெரியவில்லை. ஆனாலும் உள்ளுக்குள் ஒரு பாசம் இருந்திருக்கிறது.

“என்ட பேரா? எந்த இடத்துல?”

“கடைசிப் பக்கத்துல,” என்றாள் ஸகியா. “சாட்சி.”